அட்டை கையில் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது? மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை இலவசச் சிகிச்சை தரும் தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி வந்த கடிதங்களில் பாதி, அட்டை எடுப்பதிலும் பயன்படுத்துவதிலும் உள்ள சிக்கல்களைப் பற்றியவை. மீதிப் பாதி, திட்டத்தை எல்லோருக்கும் விரிவாக்க முடியாதா என்று கேட்பவை. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறோம்.

கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். இருவரும் சேர்ந்து மாதம் 12 ஆயிரம் வரை சம்பாதிக்கிறோம். எங்களுக்குக் காப்பீட்டு அட்டை கிடையாது என்கிறார்களே, உண்மையா?
*வாசகி, திண்டுக்கல்*

விதிப்படி உண்மைதான். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்களுடையது 1,44,000 ஆகிறது. ஆனாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் அடிப்படையில் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துக்கு ஒரு பயனாளிகள் பட்டியல் உண்டு. 2018 செப்டம்பரில் மாநிலத் திட்டமும் அதுவும் இணைக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் உங்கள் குடும்பம் இருந்தால் வருமானச் சான்று இல்லாமலே உரிமை உண்டு. 14555 என்ற எண்ணில் கேட்டுப் பாருங்கள். மாமனார், மாமியார் காலத்தில் எடுத்த பழைய அட்டை இருந்து, உங்கள் பெயரும் அதே ரேஷன் கார்டில் இருந்தால் அதையும் சரிபாருங்கள்.

வரம்பைப் பற்றி எங்கள் கருத்து இது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது வருமான வரம்பு 72,000 ரூபாய். 2012 ஜனவரியில் இன்றைய பெயரில் திட்டம் மாறியபோதும் அதே 72,000-தான். 2022 ஜனவரியில்தான் 1,20,000 ஆனது. பன்னிரண்டு ஆண்டுகள் விலைவாசி ஏறிக்கொண்டே போக, வரம்பு அசையாமல் நின்றது. மாதத்துக்கு முப்பது நாள் என்று வைத்தால், இன்றைய வரம்பும் நாளுக்கு 333 ரூபாய்க்குத்தான் சமம். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலியே 336 ரூபாய். அந்தக் கூலிக்கு ஒருவர் மாதம் முப்பது நாளும் வேலை பார்த்தால் அவர் குடும்பம் வரம்பைத் தாண்டிவிடும். ஏழை என்று அரசே கருதும் ஒருவரை, அரசின் இன்னொரு கணக்கு வெளியே தள்ளுகிறது.

இதைச் சரிசெய்யப் புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. ரேஷன் ஸ்மார்ட் கார்டில் பிஎச்எச், பிஎச்எச்-ஏஏஒய் என்ற குறியீடுகள் அச்சாகியிருக்கும். முன்னுரிமைக் குடும்பம், அந்த்யோதயா குடும்பம் என்று பொருள். இந்தக் குறியீட்டையே தகுதிச் சான்றாக ஏற்றுக்கொண்டால், பல லட்சம் குடும்பங்கள் வருமானச் சான்றுக்காக அலைய வேண்டியதில்லை. மற்றவர்களுக்கான வரம்பை ஆண்டுதோறும் குறைந்தபட்சக் கூலியோடு சேர்த்து உயர்த்தலாம்.

அட்டை எடுக்க எங்கே போக வேண்டும்? இரண்டு முறை போயும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
*வாசகர், விருத்தாசலம்*

மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இத்திட்டத்துக்கென்று தனிப் பதிவு மையம் இருக்கிறது. ரேஷன் கார்டு, அதில் பெயருள்ள எல்லோருடைய ஆதார் அட்டை, கிராம நிர்வாக அலுவலரிடமோ வருவாய்த் துறை அதிகாரியிடமோ பெற்ற வருமானச் சான்று ஆகியவற்றை அசலும் நகலுமாகக் கொண்டுபோங்கள். படம் எடுப்பார்கள் என்பதால் குடும்பத்தினரும் நேரில் வர வேண்டும்.

திருப்பி அனுப்புவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது, பெயர் பொருந்தாதது: ரேஷன் கார்டில் "முருகேசன்", ஆதாரில் "முருகேஷ்". கணினி இரண்டையும் வேறு வேறு ஆளாகவே எடுத்துக்கொள்ளும். அடுத்தது, திருமணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருப்பது. அங்கே நீக்கி இங்கே சேர்க்காமல் காப்பீட்டில் சேர்க்க முடியாது. பேறுகாலத்தில்தான் பலருக்கு இது தெரியவருகிறது, அப்போது திருத்த நேரம் இருப்பதில்லை. மூன்றாவது, குடும்பத் தலைவர் இறந்த பிறகும் ரேஷன் கார்டில் தலைவரை மாற்றாமல் விட்டிருப்பது. ஆக, முதலில் ரேஷன் கார்டைச் சரிசெய்துவிட்டு அதன்பின் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள்.

செல்போன் எண் கேட்டால் உங்கள் சொந்த எண்ணையே கொடுங்கள். 2023-ல் வெளியான இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, ஆயுஷ்மான் திட்டத்தில் ஏறத்தாழ ஏழரை லட்சம் பேர் 9999999999 என்ற ஒரே எண்ணில் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்தது. பதிவு செய்பவர் அவசரத்தில் ஏதோ ஓர் எண்ணைத் தட்டிவிட்டால், உங்கள் பெயரில் யாராவது சிகிச்சைத் தொகை எடுத்தாலும் சரிபார்ப்பு அழைப்பு உங்களுக்கு வராது.

அட்டை செல்லும் என்று சொல்லித்தான் அப்பாவை இதய அடைப்புக்குத் தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பிறகு தனியாக நாற்பதாயிரம் கட்டச் சொன்னார்கள். இது முறையா?
*வாசகர், மதுரை*

முறையல்ல. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகுப்புத் தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. படுக்கை, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு, மயக்க மருந்து, ஸ்டென்ட் (ரத்தக் குழாய் அடைப்பை விரித்து வைக்கும் சிறு குழாய்) போன்ற உபகரணம், மாத்திரை மருந்து, பரிசோதனை, நோயாளிக்கு உணவு எல்லாம் அதில் அடக்கம். காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்த சிகிச்சைக்கு நோயாளியிடம் வாங்க எதுவும் மிச்சமில்லை.

ஆனாலும் ஏன் கேட்கிறார்கள்? தொகுப்புத் தொகை பல சிகிச்சைகளுக்கு உண்மைச் செலவைவிடக் குறைவு என்பதும், கோரிய பணம் வந்துசேரத் தாமதமாகிறது என்பதும் மருத்துவமனைகளின் நெடுநாள் புகார். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் குறையை அரசிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். கட்டிலில் கிடக்கும் நோயாளியின் குடும்பத்திடம் வசூலிப்பதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது.

இனி சேரப்போகிறவர்கள் சேரும் முன்பே சில விஷயங்களைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. துறைவாரியாகத்தான் அனுமதி தரப்படுகிறது. எலும்பு சிகிச்சைக்கு அனுமதி பெற்ற இடத்தில் இதய சிகிச்சைக்கு அட்டை செல்லாமல் போகலாம். ஆகவே "இந்த நோய்க்கு, இந்த ஆபரேஷனுக்கு உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?" என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் தொடர்பு அலுவலரிடமே கேளுங்கள். அப்ரூவல் வந்துவிட்டதா, எந்தத் தொகுப்பில், எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். பொது வார்டை விட்டுத் தனி அறை கேட்டால் திட்டத்தை விட்டே வெளியே வந்ததாகிவிடும். "அட்டையில் வருவது சாதா ஸ்டென்ட், நல்லது வேண்டுமென்றால் வித்தியாசத்தைக் கட்டுங்கள்" என்பார்கள். உடனே தலையாட்டாமல், மருத்துவக் காரணம் என்ன என்று எழுதித் தரக் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னாலே பல இடங்களில் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீதை விடாதீர்கள். ரசீது தர மறுத்தால் தேதி, நேரம், யாரிடம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள், செயலியில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே சான்று. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்து புகார் எண்ணை வாங்குங்கள். அதோடு ஆட்சியர் தலைமையில் இயங்கும் மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவுக்கு டிஸ்சார்ஜ் சுருக்கம், ரசீது, அட்டை நகல் மூன்றையும் இணைத்து மனுக் கொடுங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுக்கலாம். வெற்றுத் தாளிலோ நிரப்பாத படிவத்திலோ கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சையே இலவசம். பிறகு அங்கேயும் ஏன் காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள்? எங்கள் ஐந்து லட்சத்தை வீணாகக் கழிக்கிறார்களோ?
*வாசகர், தஞ்சாவூர்*

இந்தச் சந்தேகம் பலருக்கும் இருக்கிறது. அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. அட்டை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அட்டை இருந்தால், தனியார் மருத்துவமனையைப் போலவே அரசு மருத்துவமனையும் காப்பீட்டு நிறுவனத்திடம் தொகையைக் கோரிப் பெறுகிறது. அந்தப் பணத்தில் உபகரணங்களும் மருந்துகளும் உடலுக்குள் பொருத்தும் இம்ப்ளான்ட்டுகளும் வாங்குகிறார்கள், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை தருகிறார்கள். மூட்டு மாற்று உபகரணம், ஸ்டென்ட் போன்றவை மாவட்ட அளவிலேயே கிடைப்பதற்கு இந்த வருவாயும் ஒரு காரணம்.

உங்கள் குடும்பக் கணக்கில் அந்தத் தொகை கழியும் என்பதும் உண்மை. ஆனால் ஐந்து லட்சம் என்பது ஆண்டு வரம்பு, அடுத்த ஆண்டு மறுபடி முழுசாக வரும். மீதியைச் சேமித்து வைக்கவும் முடியாது. ஆகையால் அரசு மருத்துவமனையில் அட்டையைக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

திட்டத்தைச் சீர்திருத்த வேண்டும் என்பவர்கள் முதலில் இந்த அம்சத்தைப் பலப்படுத்த வேண்டும் என்போம். பிரீமியமாகக் கொடுக்கும் வரிப்பணத்தில் எவ்வளவு அதிகம் அரசு மருத்துவமனைக்கே திரும்பி வருகிறதோ, அவ்வளவுக்கு மக்களுக்குச் சொந்தமான மருத்துவமனை வளரும். ஒப்புதலுக்கு அனுப்பும் வேலையைச் செய்ய ஆள் போதாமல் அரசு மருத்துவமனை கோராமல் விடும் தொகை, காப்பீட்டு நிறுவனத்திடமே தங்கிப்போகிறது. வட்ட, மாவட்ட மருத்துவமனைகளில் கோப்பு தயாரிக்கவென்றே ஓர் ஆள், ஒரு ஸ்கேனர், தடையில்லா இணையம் இருந்தால் போதும். பெரிய செலவு இல்லை, திரும்பி வருவதோ அதிகம்.

ஆந்திராவில் 25 லட்சம், தெலங்கானாவில் 10 லட்சம் என்கிறார்கள். நாமும் ஐந்து லட்சத்தை உயர்த்த வேண்டாமா?
*வாசகர், சேலம்*

2023 டிசம்பரில் இரு மாநிலங்களும் அப்படி அறிவித்தது உண்மை. ஆனால் நாங்கள் வரம்பை உயர்த்துவதற்கு முதலிடம் தரமாட்டோம். ஓர் ஆண்டில் ஒரு குடும்பம் ஐந்து லட்சத்தையும் தாண்டுவது அரிது. உறுப்பு மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கு இங்கே ஏற்கெனவே தனி நிதியம் இருக்கிறது. மேல் வரம்பை எவ்வளவு உயர்த்தினாலும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தருவது தொகுப்புத் தொகைதான். அது குறைவாக இருக்கும்வரை "கூடுதலாகக் கட்டு" என்பது தொடரும். 1,090 சிகிச்சை முறைகளுக்கான தொகைகளையும் உண்மைச் செலவை ஆராய்ந்து குறிப்பிட்ட கால இடைவெளியில் திருத்துவதே அவசரத் தேவை.

இன்னொன்று, குடும்பங்களைக் கடனில் தள்ளுவது ஆபரேஷன் மட்டுமல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, மூட்டுவலி என்று மாதாமாதம் வாங்கும் மாத்திரை. இந்தியாவில் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசிலிருந்து போவது 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 சதவீதம். குறைந்திருக்கிறது, ஆனாலும் பெரும்பகுதி வெளிநோயாளிச் செலவும் மருந்துச் செலவுமே. காப்பீடோ படுக்கையில் சேர்ந்தால்தான் வேலை செய்கிறது. சேராமலும் கிடைக்கும் ஒரு சலுகை 52 வகைப் பரிசோதனைகள், அதைப் பலர் கேட்பதே இல்லை.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் மாத்திரை வீட்டுக்கே வரும். வெளியில் வாங்க வேண்டியிருந்தால் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ ஜெனரிக் மருந்து (கம்பெனிப் பெயரில்லாமல் மருந்தின் பெயரிலேயே விற்பது) கேளுங்கள். காப்பீட்டுத் திட்டத்தையும் மக்களைத் தேடி மருத்துவத்தையும் ஒரே நோயாளி எண்ணில் இணைத்தால், பக்கவாதம் வந்து அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்பே ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தலாம். பிரீமியமும் குறையும்.

சிறு கடை வைத்திருக்கிறோம். வருமான வரம்புக்கு மேல் போய்விட்டோம். தனியார் பாலிசி கட்டுபடியாகவில்லை. பணம் கட்டுகிறோம், எங்களையும் அரசுத் திட்டத்தில் சேர்க்கலாமே?
*வாசகி, கோயம்புத்தூர்*

நியாயமான கேள்வி. நடுவில் சிக்கிக்கொண்டவர்கள் நீங்கள்தான். தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐ-க்கு 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தொழிலாளியாக இருக்க வேண்டும், அரசு ஊழியர் திட்டத்துக்கு அரசு ஊழியராக இருக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்பவருக்கு இரண்டும் இல்லை.

முதலில் கணக்கு. 2022-ல் தொடங்கிய ஒப்பந்தத்தில் குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் 849 ரூபாய். 1.37 கோடி குடும்பங்களுக்கு இது சுமார் 1,160 கோடி. தமிழ்நாட்டில் ரேஷன் கார்டுகள் இரண்டு கோடிக்கு மேல். வெளியே இருப்பவர்களில் ஐம்பது லட்சம் குடும்பங்களை இதே விலையில் சேர்த்தால் ஏறத்தாழ 425 கோடி கூடுதல். மாநில அரசுக்கு முடியாத தொகையல்ல.

ஆனால் "விருப்பப்பட்டவர் பணம் கட்டிச் சேரலாம்" என்றால் இதே விலையில் நடக்காது. டாக்டர் ஆபரேஷன் சொன்னவரும் டயாலிசிஸ் செய்பவரும் முதலில் வருவார்கள், நலமாக இருப்பவர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று இருந்துவிடுவார். செலவு ஏறும், பிரீமியம் ஏறும், இன்னும் பலர் விலகுவார்கள். 2021-ல் ராஜஸ்தான் அரசு இலவசப் பட்டியலில் இல்லாதவர்களை ஆண்டுக்கு 850 ரூபாயில் சேர அழைத்தபோது, மீதிப் பிரீமியத்தை அரசே ஏற்றதால்தான் அந்த விலை நிற்க முடிந்தது. கேரளம் வேறு வழி எடுத்தது: காப்பீட்டுப் பட்டியலுக்கு வெளியே, ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குக் காருண்யா நிதியிலிருந்து இரண்டு லட்சம் வரை உதவி.

எங்கள் யோசனை, விருப்பத்துக்கு விடாமல் வகைவாரியாக முழுசாகச் சேர்ப்பது. உதாரணமாக, 60 வயது கடந்த எல்லோரையும் வருமானம் பார்க்காமல் சேர்க்கலாம். மத்திய அரசு 2024 அக்டோபரில் 70 வயது கடந்த அனைவருக்கும் வருமானம் கேட்காமல் அட்டை தரத் தொடங்கியது அந்த முறையில்தான். அடுத்து, அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களின் உறுப்பினர்களைச் சேர்க்கலாம். 2009-ல் அப்படித்தான் வாரிய உறுப்பினர்கள் உள்ளே வந்தார்கள். ஒரே வகைக்குள் நோயாளியும் நலமானவரும் சேர்ந்தே வரும்போதுதான் 849 போன்ற விலை கட்டுபடியாகும். உங்கள் கடைத் தொழிலுக்கு வணிகர் நல வாரியம் இருக்கிறது. உறுப்பினராகவில்லை என்றால் இப்போதே ஆகிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனியை விலக்கிவிட்டு அரசே நேரடியாகப் பணம் கொடுத்தால் என்ன?
*வாசகர், நாகர்கோவில்*

ஆந்திரா 2007-ல் காப்பீட்டு நிறுவனத்தோடு ஆரம்பித்து, பிறகு அறக்கட்டளை முறைக்கு, அதாவது அரசே அமைத்த அறக்கட்டளை நேரடியாகப் பணம் கொடுக்கும் முறைக்கு, மாறியது. கர்நாடகத்திலும் அறக்கட்டளைதான். கேரளம் 2020 ஜூலையில் காப்பீட்டு நிறுவனத்தை விலக்கி, மாநில சுகாதார முகமை வழியாக நேரடியாகக் கொடுக்க ஆரம்பித்தது. தமிழ்நாடு இன்னும் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவோடுதான் ஒப்பந்தம் வைத்திருக்கிறது.

நேரடி முறையில் நிறுவனத்தின் லாபமும் நிர்வாகச் செலவும் மிச்சமாகும். ஆனால் நிதித்துறை பணம் விடுவிக்கத் தாமதித்தால் அடி நேரே நோயாளிமேல் விழும். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் நிலுவை சேர்ந்து, தனியார் மருத்துவமனைகள் சேவையை நிறுத்தப்போவதாகப் பலமுறை அறிவித்தன. காப்பீட்டு முறையில் பிரீமியத்தை முன்கூட்டிக் கட்டியாக வேண்டியிருப்பது ஒரு கட்டாய ஒழுங்கு. ஆகவே முறை எதுவானாலும், கோரிக்கைக்கு இத்தனை நாளில் பணம், தாமதித்தால் வட்டி, செலவாகாத பிரீமியம் அரசுக்குத் திரும்ப வேண்டும் என்பவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இப்போதைய ஒப்பந்தம் 2022 ஜனவரி 11-லிருந்து ஐந்து ஆண்டுக்கு. அடுத்த டெண்டரின் வரைவிலேயே இவற்றைக் கேட்க வேண்டும், கையெழுத்தான பிறகு கேட்டுப் பயனில்லை.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற மாநில அட்டை மட்டும் போதாது. ஆயுஷ்மான் பட்டியலில் உள்ள குடும்பத்துக்கே வெளிமாநிலத்தில் செல்லும். புறப்படும் முன் 14555-ல் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாத் தொழிலாளர்களுக்கு இந்தத் திட்டம் உண்டா?
*வாசகர், திருப்பூர்*

உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிப்பதற்கு உரிய அலுவலரின் சான்றும் வருமானச் சான்றும் வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. சாலை விபத்து என்றால் எந்த அட்டையும் தேவையில்லை: 2021 டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை எந்த மாநிலத்தவருக்கும் எந்த நாட்டவருக்கும் இலவசம். கம்பெனி ஈஎஸ்ஐ பிடித்தம் செய்கிறதா என்பதையும் பாருங்கள், செய்தால் அதுவே முதல் வழி.

அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை. ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று மட்டும் சொல்கிறார்கள். அடுத்து என்ன செய்வது?
*வாசகி, திருநெல்வேலி*

மறுப்பு என்று அவர்கள் சொல்வது பல நேரம் மறுப்பாக இருக்காது. காப்பீட்டுத் தரப்பு மருத்துவர் கூடுதல் ஆவணம் கேட்டு நிறுத்தி வைத்திருப்பார், மருத்துவமனை அதைப் பதிவேற்றியிருக்காது. தொடர்பு அலுவலரிடம் கணினித் திரையில் இருக்கும் காரணத்தை அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். புற்றுநோய்க்குப் பெரும்பாலும் விடுபடுவது பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கை, ஸ்கேன் படம் (அறிக்கை மட்டும் போதாது), எத்தனை சுற்று கீமோ, எந்த மருந்து என்ற சிகிச்சைத் திட்டம். பயாப்சி வேறு ஊரில் எடுத்திருந்தால் அசல் அறிக்கையை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மருத்துவமனை வாங்கி வரும் என்று காத்திருந்தால் வாரங்கள் ஓடிவிடும்.

ஆவணம் எல்லாம் கொடுத்தும் மறுத்தால், அந்த மருந்து தொகுப்பில் இல்லை என்று பொருளாக இருக்கலாம். தொகுப்பில் உள்ள மாற்று மருந்து பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பொருந்தாது என்றால் அதை மருத்துவக் காரணத்தோடு எழுதி வாங்கி, 1800 425 3993-ல் பதிவு செய்து, குறைதீர்ப்புக் குழுவுக்கு அனுப்புங்கள். இதற்கிடையில் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. கோப்பு எங்கே நின்றாலும், கீமோவின் தேதி தள்ளிப்போகாதபடி அங்கே காட்டிவிடுங்கள்.